நாற்பது அடியில் ஓர் ஆள்

"ஒரே ஒரு வாக்கியம்தாம்மா. அதை மட்டும் சொன்னாப் போதும்," என்றார் வக்கீல்.

அவர் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய வக்கீல். சாப்பாட்டு மேசை முழுக்கப் படங்களைப் பரப்பியிருந்தார். கோல்ஃப் வண்டியின் படம், வளைவின் படம், வேலிச்செடிக்குப் பக்கத்தில் அளவுகோலை நிறுத்தி எடுத்த படம். ஒற்றை வெள்ளை ஷூ கிடக்கும் படத்தை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தார். அது அவருடைய நல்ல மனசு. ஆனால் கவிழ்ந்து கிடப்பது எந்தப் படம் என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன வாக்கியம்?"

"'டீச்சர் எங்களைப் பார்க்கவே இல்லை, பராக்குப் பார்த்துக்கிட்டே ரோட்டுல இறங்கிட்டாங்க.' அவ்வளவுதான். அப்பத்தான் தப்பு மூணாப் பிரியும். செடியை வெட்டாம விட்ட நிர்வாகத்து மேல ஒரு பங்கு, பார்க்காம இறங்கின டீச்சர் மேல ஒரு பங்கு, ஓட்டின சார் மேல ஒரு பங்கு."

"செத்துப்போனவங்க மேலயுமா?"

"செத்தவங்களுக்கு வலிக்காதும்மா."

சொன்ன பிறகு அவருக்கே அது நன்றாகப்படவில்லை போலும். பேனாவை மூடித் திறந்தார்.

"அப்ப நான்?" என்று கேட்டாள்.

"நீங்க பயணி. பக்கத்துல உக்காந்து வந்தவங்களை எந்தச் சட்டமும் ஒண்ணும் கேக்காது. நீங்க நிம்மதியா இருக்கலாம்."

உள்ளறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. "என்ன சொல்றார்? கொஞ்சம் உரக்கச் சொல்லச் சொல்லு. எனக்குத்தான் காது போச்சே."

அவள் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

அவள் கணவர் முப்பத்தாறு வருடம் நில அளவை இலாகாவில் சர்வேயராக இருந்தவர். ஓய்வுபெற்றவர்களுக்கென்றே கட்டிய இந்தக் குடியிருப்புக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அச்சில் வார்த்தது போல் ஒரே மாதிரி இருநூறு வீடுகள், நடுவே புல்வெளி, ஒரு கோடியில் எல்லாரும் மதியம் சேர்ந்து சாப்பிடும் கூடம், மறுகோடியில் பராமரிப்புப் பிரிவு என்கிற மூன்று மாடிக் கட்டடம். வீட்டுக்கு ஒரு கோல்ஃப் வண்டி. இங்கே கோல்ஃப் பந்தைக் கையால் தொட்டவர்கூடக் கிடையாது. ஆனாலும் சாப்பிட, மருந்து வாங்க, முடி வெட்ட, எதிர்வீட்டில் சண்டை போட எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். "கால் போனவனுக்குக் கால், சும்மா இருக்கறவனுக்குத் தேர்," என்பார் சர்வேயர்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவருடைய பார்வையின் நடுவில் ஒரு கறை விழுந்தது. ஓரங்கள் தெரியும், நேரே இருப்பது தெரியாது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் காதைப் பார்ப்பார். அப்போதுதான் முகம் கொஞ்சம் தட்டுப்படும். ஐம்பது வருடத்தில் அவர் தன்னை இவ்வளவு கவனமாகப் பார்த்ததே இல்லை என்று அவளுக்குத் தோன்றும். அந்த எண்ணத்துக்காக வெட்கப்படவும் செய்வாள்.

பார்வை போனது தெரிந்தால் நிர்வாகத்தார் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வண்டி போனால் போகட்டும். அதோடு நிற்கமாட்டார்கள். 'தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்' என்று எழுதி அவரை மட்டும் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றுவார்கள். அங்கே ஒற்றைக் கட்டில். மனைவி காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பார்க்கலாம். எதிர்வரிசை பல் டாக்டரின் மனைவி அப்படித்தான் போனாள். டாக்டர் இரண்டு மாதம் தினமும் போய் வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அதனால் இருவரும் சேர்ந்து ஓர் ஓட்டுநர் ஆனார்கள். அவர் சக்கரத்தைப் பிடிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வாள். தூரத்தை அடிக்கணக்கில் சொல்ல அவரேதான் கற்றுக்கொடுத்தார். வாசல்படியிலிருந்து தபால்பெட்டி பதினெட்டு அடி, விளக்குக் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் அறுபது அடி என்று நடத்தி நடத்திக் காட்டினார். ஒரு மாதத்தில் அவள் கண்ணாலேயே அளக்கத் தொடங்கிவிட்டாள்.

"நாப்பதடியில ஒரு ஆள். வலது ஓரம்."

"நடக்கறாரா, நிக்கறாரா?"

"குனிஞ்சு ஷூ கட்டறார்."

"கட்டட்டும். நாம மெதுவாப் போவோம்."

அவளுக்கு 'லென்சு' என்று பெயர் வைத்தார். "லென்சு, கிளம்பலாமா?" என்பார். வெளியே கேட்டவர்கள் செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வருடத்துக்கொரு முறை கண் பரிசோதனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். குடியிருப்பு மருத்துவமனையில் வருடம் தவறாமல் அதே எழுத்து அட்டைதான் மாட்டியிருக்கும். ரத்த அழுத்தம் பார்க்கப் போன சாக்கில் அவள் அதை மருந்துச்சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டு வந்தாள். மூன்று நாள் சமையலறையில் வைத்து அவருக்கு மனப்பாடம் செய்வித்தாள். வாய்ப்பாடு சொல்லும் பிள்ளை போலக் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார். பரிசோதனையன்று மூன்றாவது வரியை முடித்தவர், நர்ஸ் கோலை நகர்த்தும் முன்பே நாலாவது வரிக்குப் போய்விட்டார்.

"சார் ரொம்ப வேகமா இருக்கீங்களே!" என்றாள் நர்ஸ்.

"கண்ணு கூர்மை," என்றார் அவர்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது அவளால் தாங்க முடிவதில்லை.

விபத்து நடந்த அன்றைக்கு மதியம் கூடத்தில் சூப்பு முடிந்து பழம் வந்திருந்தது. பல் டாக்டர்தான் ஆரம்பித்தார்.

"சர்வேயரே, இந்த வயசுலயும் கோடு போட்ட மாதிரி ஓட்டறீரே, எப்படிய்யா?"

"நான் எங்க ஓட்டறேன்? ஓட்டறது இவ. நான் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்தால் அவர் ஒன்றோடு நிறுத்தமாட்டார்.

"ஐம்பது வருஷமா மூடாத வாய்யா இது. இப்பத்தான் ஒரு காரியத்துக்கு உதவுது!"

கரண்டிகள் தட்டில் பட்டுக் கலகலத்தன. அடுத்த மேசையில் நிர்வாகி அம்மாள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். கணக்கு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். அவளைவிட இரண்டு வயது மூத்தவள். 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவாள். மேசைக்கு அடியில் அவள் முழங்காலைத் தட்டி, "ஆம்பிளைங்க பேச்சு. விடு தங்கச்சி," என்றுவிட்டு, வழக்கம்போல் நடந்தே வீட்டுக்குக் கிளம்பினாள்.

விட முடியவில்லை. ரகசியத்தைப் பந்தியில் போட்டுவிட்டாரே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட அந்த வார்த்தை. மூடாத வாய். பத்து நிமிடம் கழித்து வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது முடிவு செய்தாள்: வீடு போய்ச் சேரும்வரை மூடித்தான் இருக்கப்போகிறேன். பார்க்கலாம், எப்படி ஓட்டுகிறார் என்று.

அவர் வண்டியைக் கிளப்பினார். தெரிந்த பாதைதான், கண்ணை மூடிக்கொண்டு போகலாம். முதல் மேடு. இரண்டாவது மேடு. அவர் லேசாகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். அவள் பேசவில்லை. துணி வெளுக்கும் கட்டடத்தைத் தாண்டி வளைவு திரும்பியது.

நாற்பது அடியில் ஓர் ஆள்.

டீச்சர் ரோட்டில் இறங்கியிருந்தாள். வெள்ளை ஷூ, கையில் நீலப் பை. வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவளைத்தான் பார்த்தாள். கண்ணுக்குக் கண். தங்கச்சி பார்த்துவிட்டாள், இனிப் பயமில்லை என்பது போலச் சிரித்து, கையைக்கூட உயர்த்தினாள். ஒதுங்கவில்லை.

மூன்று நொடி. பிறகு எத்தனையோ தடவை அதை அவள் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். முதல் நொடி வீம்பு. இவ்வளவு பெரிய உருவம் ஓரக்கண்ணில்கூடவா தெரியாது, அவரே நிறுத்தட்டும் என்ற வீம்பு. இரண்டாம் நொடியில் வாயைத் திறந்தாள், 'நில்லு' வெளியே வரவில்லை. மூன்றாம் நொடி என்று ஒன்று இருந்ததா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

டீச்சர் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்த சர்வேயர் அவள் கையைத் தேடிப் பிடித்தார். "நீ நில்லுன்னு சொன்னே, இல்ல? எனக்குக் கேக்கல. கத்தினியா?"

"ம்," என்றாள் அவள்.

அந்த ஒரு 'ம்'. அவள் வாழ்நாளில் சொன்ன மிகச் சின்னப் பொய். அதைப் பிடித்துக்கொண்டு அவர் தன் காதைத் தானே கழற்றி வைத்துவிட்டார். தொலைக்காட்சியை உரக்க வைக்கச் சொன்னார். எதைச் சொன்னாலும் இரண்டு தடவை கேட்டார். மகள் தொலைபேசியில் அழைத்தால், "உங்கம்மாகிட்டப் பேசும்மா, எனக்கு ஒண்ணும் கேக்கறதில்ல," என்று நீட்டிவிடுவார். எழுதிக் கொடுத்த வாக்குமூலத்திலும் அதைத்தான் சொன்னார்: மனைவி எச்சரித்தாள், என் காதில் விழவில்லை.

வக்கீலுக்கு அது பிடித்துப்போய்விட்டது. "திடீர்னு காது மந்தமாச்சுன்னா அது உடம்புக் கோளாறு, அஜாக்கிரதை இல்ல. ஒரு டாக்டர் சீட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க," என்றார்.

போனார்கள். கண்ணாடி அறைக்குள் அவரை உட்கார வைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஊசி விழுவது போன்ற சத்தத்துக்கும் அவர் விரல் அழுத்தியது. ஏமாற்றத் தெரியாத விரல். காது டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தாள்.

"தாத்தா, உங்களுக்கு என்னைவிட நல்லாக் கேக்குது. சந்தோஷமாப் போய்ட்டு வாங்க."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் காதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

வாடகைக் காரில் திரும்பும்போது, "அந்தப் பொண்ணோட மெஷின் சரியில்ல," என்றார். தெரிந்துவிட்டதா, தெரிந்தும் தெரியாதது போல இருக்கிறாரா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. கேட்கவும் துணிவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது, "என்ன சொன்னே? கேக்கல," என்றார். அவள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

டீச்சரின் மகன் தொடுத்த நஷ்டஈட்டு வழக்கில் அவளுடைய வாக்குமூலம் நிர்வாக அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. நீள மேசை. ஒரு பக்கம் டீச்சரின் மகன், அவருடைய வக்கீலான நரைத்த தலை அம்மாள். இந்தப் பக்கம் இன்சூரன்ஸ் வக்கீல், சர்வேயர், அவள். மூலையில் தட்டெழுதுகிற பெண். டீச்சரின் மகனுக்கு ஐம்பது வயதிருக்கும். அம்மாவின் நீலப் பையை மடியில் வைத்திருந்தார். அதை ஏன் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரியாது போலிருந்தது.

"வண்டியில நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டாள் நரைத்த தலை வக்கீல்.

"அவருக்குப் பக்கத்துல."

"டீச்சரை எவ்வளவு தூரத்துல பார்த்தீங்க?"

"நாப்பது அடி."

"அவ்வளவு சரியாச் சொல்றீங்களே?"

"சர்வேயர் பெண்டாட்டிம்மா," என்று இன்சூரன்ஸ் வக்கீல் வேடிக்கையாகச் சொல்ல, தட்டெழுதுகிற பெண் புன்னகைத்தாள்.

"டீச்சர் உங்களைப் பார்த்தாங்களா?"

இதுதான். பக்கத்தில் வக்கீலின் பேனா அசையாமல் நின்றது. பார்க்கவே இல்லை, பராக்குப் பார்த்துக்கிட்டே இறங்கிட்டாங்க. நேற்று கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். அட்டை எழுத்துகளை அவர் ஒப்பித்தது போல அவளும் ஒப்பிக்க வேண்டியதுதான். எலி வளையானாலும் தனி வளை. அதில் இருவரும் சாகும்வரை ஒன்றாக இருந்துவிடலாம்.

நிமிர்ந்தபோது நீலப் பை தெரிந்தது. முழங்காலைத் தட்டிய கை நினைவுக்கு வந்தது. அந்தக் கையைத்தான் டீச்சர் உயர்த்தினாள். நாற்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்த மனுஷி, ரோட்டைப் பார்த்து இறங்கத் தெரியாதவள் என்று காகிதத்தில் ஏறப்போகிறாள்.

"பார்த்தாங்க," என்றாள்.

பேனா கீழே வைக்கப்பட்டது.

"என்னைத்தான் பார்த்தாங்க. கையத் தூக்கினாங்க. நான் பார்த்துட்டேன்னு அவங்களுக்குத் தெரியும். அதான் ஒதுங்கல. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்றார் இன்சூரன்ஸ் வக்கீல்.

"கேட்டதுக்குத்தான் சொல்றேன். அவருக்கு நடுப்பார்வை கிடையாது. மூணு வருஷமா நான்தான் அவருக்குக் கண்ணு. அட்டையை எழுதிட்டு வந்து மனப்பாடம் பண்ண வெச்சதும் நான்தான். அன்னைக்கு நான் கத்தல. நில்லுன்னு சொல்லவே இல்ல. அவர்மேல கோவம். பேசக் கூடாதுன்னு உக்காந்திருந்தேன்."

தட்டெழுதும் சத்தம் இரண்டு வார்த்தை பின்தங்கி வந்து நின்றது. அவள் கணவர் பக்கம் திரும்பவில்லை. அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

டீச்சரின் மகன்தான் முதலில் பேசினார். "அம்மா சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க தம்பி."

அவர் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி மடித்தார். திட்டியிருந்தால் அவள் வாங்கிக்கொண்டிருப்பாள்.

வெளியே தாழ்வாரத்தில் வக்கீல் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? பொய்ச் சான்றிதழ்னு தெரிஞ்சா கம்பெனி கையைக் கழுவிடும். நஷ்டஈடு முழுசும் உங்க தலையில. வீடு நிக்காது. சாரை அவங்க இனி வீட்டுல விடவும் மாட்டாங்க, பராமரிப்புப் பிரிவுதான்."

"நான் பேசாம இருந்ததுக்கு?"

"அதுக்கென்ன?"

"அதுக்கு என்ன தண்டனை?"

வக்கீல் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "வாயை மூடிக்கிட்டு இருந்தா குத்தம்னு எனக்குத் தெரிஞ்சு எந்தச் சட்டத்துலயும் இல்லம்மா. நீங்க பயணி. சொன்னேனே. அந்த அட்டைதான் உங்களைக் கவுத்திடுச்சு."

அவர் போய்விட்டார். இருவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். வண்டியை விபத்து நடந்த அன்றைக்கே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று வாரமாக அவர் வயதானவர்கள் ஊன்றும் சாதாரணக் கைத்தடி ஒன்று வைத்திருந்தார். ஆனால் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவள் சொல்கிறபடி நடப்பார். வெயில் சுள்ளென்று இருந்தது. துணி வெளுக்கும் கட்டடத்தின் வளைவில் வேலிச்செடியை இப்போது இடுப்பளவுக்கு வெட்டியிருந்தார்கள்.

அதைத் தாண்டிய பிறகு அவர் நின்றார்.

"காது டாக்டர் சொன்ன அன்னைக்கே தெரியும்," என்றார்.

"பின்ன ஏன்..."

"காது போச்சுன்னே நெனச்சுக்கிட்டுப் போயிருப்பேன். அது எனக்கு லேசா இருந்துச்சு. நீ சொன்னே, எனக்குக் கேக்கல. அவ்வளவுதான். அதுல நீயும் இருந்தே, நானும் இருந்தேன்."

அவள் அழுதாள். சத்தம் வராமல்தான் அழுதாள். ஆனால் அவருக்குத்தான் எல்லாம் கேட்குமே.

"நானும் நிறுத்தியிருக்கலாம்," என்றார். "நீ பேசலன்னு ரெண்டாவது மேட்டுலயே தெரிஞ்சுபோச்சு. என்னடி கோவமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முதல்ல யார் பேசறதுன்னு பார்த்தேன்."

ஐம்பது வருடம் ஆடிய ஆட்டம். எத்தனையோ தடவை இருவரும் தோற்று, இருவரும் ஜெயித்து, மறுநாள் மறந்துபோன ஆட்டம். அதற்கு நடுவில் ஒருத்தி ரோட்டில் நடந்து வருவாள் என்று யார் நினைத்தார்கள்.

வீட்டு வாசல் வந்தது. எதிரே, புல்வெளிக்கு அப்பால் பராமரிப்புப் பிரிவின் ஜன்னல்கள் வரிசையாகத் தெரிந்தன. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"மூணு அடியில படி," என்றாள்.

அவர் நின்றார். அக்குளிலிருந்து தடியை எடுத்தார். முன்னால் நீட்டி, இடமும் வலமும் தடவி, படியின் விளிம்பைத் தட்டிப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.